அவளைப் பற்றிப் பேசாத பகல்

பழைய வகுப்பு மறுபடியும் கூடுகிறது, குடும்பத்தோடு வரவேண்டும் என்று குரூப்பில் குரல் செய்தி போட்டிருந்தான் பெயிண்ட் கடைக்காரன். மதுரையில் எங்களோடு எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவன். படித்த படிப்புக்குக் கொஞ்சமாவது சம்பந்தமுள்ள தொழில் செய்வது வகுப்பிலேயே தான் ஒருவன்தான் என்று ராஜபாளையத்தில் கடை போட்ட நாளிலிருந்து பீற்றிக்கொண்டிருக்கிறான். "பிரியாணிக்கு அரிசி போடணும்லே. வீட்டுக்கு எம்புட்டுப் பேருன்னு ஆளாளுக்கு நம்பரப் போடுங்க" என்றான் அந்தச் செய்தியில். நாலு, மூணு, அஞ்சு, மாமியாரையும் சேர்த்து ஆறு என்று பதில்கள் விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நான் ஒன்று என்று போட்டேன். அதற்கு மட்டும் யாரும் எதுவும் காட்டவில்லை.

என் மனைவியும் அதே வகுப்புதான். லேபில் எனக்கும் அவளுக்கும் ஒரே மேசை. அங்கே தொடங்கியது, படிப்பு முடிந்து இரண்டு வீட்டாரும் முறுக்கிக்கொண்டு, பிறகு இறங்கிவந்து, கல்யாணம் ஆகி, ராஜபாளையத்தில் குடித்தனம் என்று ஓடியது. அவள் இறந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. காலையில் தலைவலி என்றாள், சாயங்காலம் இல்லை. அதைப் பற்றி இதற்குமேல் எனக்கு எழுத வராது.

நான் கூட்டங்களுக்குப் போகிற ஆள் இல்லை. கல்யாண வீட்டிலேயே மொய் எழுதிய கையோடு பந்திக்குப் போய்விட்டுக் கிளம்புகிறவன். ஆனால் இந்த முறை நானே நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். காரணம் அவள்தான். வீட்டில் அவளைப் பற்றிப் பேச எனக்கு ஆள் கிடையாது. பெங்களூரில் இருக்கும் மகனிடம் போனில் அம்மா பேச்சை எடுத்தால் அவன் உடனே "சாப்பிட்டீங்களாப்பா" என்கிறான். நான் வேலை பார்ப்பது ஆலங்குளம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. ஆக, அவளைப் பற்றி நான் மட்டும்தான் நினைக்கவேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்ததையே எத்தனை தரம் நினைப்பது? நினைத்து நினைத்துத் தேய்ந்துவிட்டது. நான் இல்லாத இடங்களில் அவளைப் பார்த்தவர்கள் இந்த வகுப்புக்காரர்கள். எனக்குத் தெரியாத ஒன்றை, ஒரே ஒரு சின்ன விஷயத்தை, யாராவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. அதற்காகத்தான் போனேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். செண்பகத்தோப்பு போகிற பாதையில், மலைக்குக் கொஞ்சம் முன்னால், யாரோ ஒருவனுடைய மாமனாரின் மாந்தோப்பு. மதுரையிலிருந்து வந்த வேன் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தது. மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, ஒரு ஓரத்தில் அடுப்பு மூட்டி, பெயிண்ட் கடைக்காரன் சமையல்காரரை ஒரு நிமிஷம் நிம்மதியாக விடாமல் கூடவே நின்றான். பிரியாணி விஷயத்தில் அவன் பெற்ற வாப்பாவையே நம்பமாட்டான். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட். முதுகில் பென்சீன் வளையம் போட்டிருந்தது. எனக்குக் கொடுத்தது வயிற்றுக்கு மேலேயே நின்றுவிட்டது. "இழு மாப்ள, வரும்" என்றான். அது வரவில்லை. சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன்.

எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். அளவுக்கு அதிகமாகவே இருந்தார்கள். நான் உட்கார்ந்தால் நாற்காலி, எழுந்தால் மோர். என் தோளில் கை போடாத ஆள் இல்லை. ஆனால் பேச்சு ஒரு தினுசாகப் போனது. ஆளில்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு போவது போல எங்கேயோ ஒதுங்கி ஒதுங்கிப் போனது. முதலில் எனக்கு அது பிடிபடவில்லை.

லேபில் ப்யூரெட் குழாய் உடைந்த கதையை ஒருத்தன் ஆரம்பித்தான். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த கதை. உடைத்தது அவள்தான். உடைத்துவிட்டு, லேப் அட்டெண்டர் வருவதற்குள் துண்டுகளைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு ஒன்றும் தெரியாதவளாக நின்றாள். அவன் சொன்னது இது: "யாரோ ஒருத்தங்க ஒடச்சிட்டாங்கல்ல?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். யாரோ ஒருத்தங்களா?

பிறகு அட்டெண்டன்ஸ் எடுத்தார்கள். இது முன்கூட்டியே போட்ட நிகழ்ச்சி. கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருப்பவன், எங்கள் பழைய துறைத் தலைவரைப் போலவே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஒரு தட்டை நோட்டாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அவர் பெயர் சொல்லமாட்டார், எண்தான் சொல்வார். இவனும் எண் சொன்னான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா, அம்மாக்கள் கையைத் தூக்கி "எஸ் சார்" என்றார்கள். என் எண் வந்தது. நானும் சொன்னேன். எனக்கு அடுத்த எண் அவளுடையது. அதனால்தான் எங்களுக்கு ஒரே மேசை. பேராசிரியர் ஒரு கணம்கூட நிறுத்தாமல் அதைத் தாண்டி அடுத்த எண்ணைச் சொன்னான். அந்த எண்ணுக்குரியவன், மஸ்கட்டில் இருப்பவன், சொல்லிவைத்தது மாதிரி டக்கென்று "எஸ் சார்" என்றான்.

கூப்பிட்டுவிட்டு, பதில் வராமல், ஒரு நிமிஷம் எல்லோரும் தலையைக் குனிந்து நின்றிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அப்படி ஒரு எண்ணே வகுப்பில் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். மாவிலைகளுக்கு நடுவே மலை நன்றாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பந்தி போட்டார்கள். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்ததில் எனக்கு ஓரத்து இலை. மஸ்கட்காரனின் மனைவி தயிர்ப் பச்சடி வாளியோடு வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். இதற்கு முன் நான் அவளைப் பார்த்ததில்லை. இலையில் ஊற்றிவிட்டு, சிரித்த முகமாக, "மதினி வரலையாண்ணே?" என்று கேட்டாள்.

காலையிலிருந்து அந்தத் தோப்பில் என் மனைவியைப் பற்றி வந்த முதல் வார்த்தை அது. அதுவும் அவளை முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் எதிர் வரிசையிலிருந்து மஸ்கட்காரன் எழுந்தேவிட்டான்.

"ஏட்டி, அந்தக் கடைசில பச்சடி கேக்காக பாரு. அங்க போ."

அவள் போனாள். அவனும் பின்னாலேயே போனான். மரத்துக்குப் பின்னால் நின்று அவன் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. "வேன்ல வரும்போதே சொன்னேன்ல, அந்தப் பேச்ச எடுக்கக் கூடாதுன்னு?" அவள், "நீங்க சொன்னது வேற யாரையோன்னுல்ல நெனச்சேன்" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது குரல்.

பக்கத்தில் நின்ற பெயிண்ட் கடைக்காரனைப் பார்த்தேன். அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் அருகில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"கோவப்படாத மாப்ள. நாங்கதான் பேசி வச்சோம். ஒன்னய விட்டுட்டுத் தனியா ஒரு குரூப் போட்டு."

"என்னன்னு பேசி வச்சீங்க?"

"தங்கச்சியப் பத்தி யாரும் பேச்செடுக்கக் கூடாதுன்னு. புருஷன் பொஞ்சாதிக்குன்னு வச்சிருந்த போட்டியக்கூட வேண்டாம்னுட்டோம். நீ ஒரு நாளாச்சும் அத மறந்து சிரிச்சுட்டுப் போகணும்னுதாம்ல."

நல்ல மனசுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை பேர் சேர்ந்து, ராத்திரி கண் விழித்து, எனக்காக யோசித்திருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"மறக்கவாலே நான் வந்தேன்? மறக்கணும்னா வீட்லயே கெடந்திருப்பேன்ல? அவளப் பத்தி யாராச்சும் நாலு வார்த்த பேசுவீங்கன்னுதான வந்தேன்!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிள்ளைகளெல்லாம் வாயில் வைத்த கறித்துண்டோடு நின்றுபோனார்கள். மஸ்கட்காரன் மனைவி மட்டும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு பேசினார்கள். கேட்டு வாங்கிவிட்டேன் அல்லவா, ஒவ்வொருவராக இலையைப் பார்த்தபடி பேசினார்கள். தங்கமான பிள்ளை என்றான் ஒருத்தன். அமைதியோ அமைதி என்றான் பேராசிரியர். யார் மனசும் நோக ஒரு வார்த்தை பேசினதில்லை என்று ஒரு பெண் சொன்னாள். அவள் இறந்தபோது துட்டி கேட்க வந்தவர்கள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னதையேதான் இவர்களும் சொன்னார்கள். என் மனைவி அமைதியா? குழம்பில் உப்பு கூட என்று சொன்னதற்காக இரண்டு நாள் எனக்கு உப்பே இல்லாமல் ஆக்கிப்போட்டவள் அவள். இவர்கள் பேசுவது வேறு யாரையோ.

கடைசியில் பேராசிரியர்தான் உண்மையைச் சொன்னான். "தப்பா நெனைக்காத. எங்களுக்கு அவங்கள அம்புட்டாத் தெரியாதுப்பா. எந்நேரமும் ஒங்கூடதான இருப்பாங்க."

அது உண்மைதானே. கை கழுவப் போகிற சாக்கில் எழுந்துவிட்டேன். அவளைப் பற்றிப் பேசாமல் இருந்தபோதாவது, இவர்களிடம் ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் இல்லை. உலகத்தில் அவளைத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்பது எனக்குப் பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. எனக்கு மறதி வந்துவிட்டால் அவ்வளவுதானே?

தோப்புக்குக் கீழ்ப்பக்கம் பெரிய கிணறு. சாப்பாட்டுக்கு முன்பே பிள்ளைகள் அதில் குதித்து விளையாடியிருந்தார்கள். சாப்பிட்ட கையோடு குதிக்கக் கூடாது என்று அம்மாக்கள் போட்ட சத்தம் ஓய்ந்து, மறுபடியும் குதிக்க ஆரம்பித்திருந்தார்கள். இடுப்பில் கார் ட்யூப் மாட்டிக்கொண்டு சிலது, படியிலிருந்து சிலது, மோட்டார் ரூம் கூரை மேலேறி நின்று, யோசித்து, பின்வாங்கி, திரும்பவும் எட்டிப் பார்த்துக்கொண்டு சிலது. கிணற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் என் மனைவியின் ஹாஸ்டல் அறைத்தோழி உட்கார்ந்திருந்தாள். கூமாப்பட்டிக்காரி. இப்போது வத்திராயிருப்பில் பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் என்னைப் பார்த்ததும் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனவள், அதன்பிறகு பகல் முழுக்க என் கண்ணில் படாமலே சுற்றிக்கொண்டிருந்தாள். நான் கத்தியபோதும் அவள் பந்தியில் இல்லை.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மோட்டார் ரூம் மேல் நின்ற பையன் மூன்றாவது தடவையும் பின்வாங்கினான். அவள் சிரித்தாள்.

"ஒன் வீட்டுக்காரி இருந்தா இந்நேரம் இவனப் பிடிச்சுத் தள்ளிட்டு அவ குதிச்சிருப்பா."

"யாரு?"

"அவதான். எங்க வீட்டுக் கெணத்துல என்னா குதி குதிச்சா. ரெண்டாம் வருஷம் பொங்கல் லீவுக்கு எங்கூட கூமாப்பட்டிக்கு வந்தால்ல, அப்ப. எங்கண்ணன்மாரே யோசிப்பாக அந்த ஒசரத்துல இருந்து குதிக்க." என் முகத்தைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. புருஷன் என்கிற வீம்பு. இவ்வளவு காலம் கூடவே இருந்தவனுக்குப் பெண்டாட்டிக்கு நீச்சல் தெரியும் என்பது தெரியாது என்று இன்னொருத்தி முன்னால் ஒப்புக்கொள்வதா? தெரியும் என்று சொன்னதும் அவள் "பின்ன, ஒங்கிட்டச் சொல்லாமயா இருந்திருப்பா" என்று கதையை அத்தோடு விட்டுவிட்டாள். எதற்காகக் கிளம்பி வந்தேனோ அது கைக்கு வந்தது, நானே தட்டிவிட்டேன். எவனாவது செய்வானா?

அதற்குள் அவள் வீட்டுக்காரர் காரைத் திருப்பி நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தார். அவள் எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "வாரேன்ப்பா. ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் என்னால் முடியவில்லை. எழுந்து ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு, வயிற்றுக்கு மேல் ஏறிய டீ-ஷர்ட்டோடு, தோப்பே பார்க்க ஓடினேன். கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினாள்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"என்னது?"

"அவளுக்கு நீச்சல் தெரியும்னு எனக்குத் தெரியாது. அவ சொல்லவே இல்ல."

அவள் வீட்டுக்காரரிடம், "செத்த நேரம் இருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். காரில் சாய்ந்து நின்றபடி முழுக்கச் சொன்னாள். என் மனைவி சின்னப் பிள்ளையிலேயே ஊர்க் கண்மாயில் நீச்சல் பழகிக்கொண்டாளாம். அந்தப் பொங்கலுக்கு, சுடிதாரோடு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மோட்டார் ரூம் மேலிருந்து ஒரே குதி. இவள் அண்ணன் ஒருவரோடு பந்தயம் கட்டி, அடியில் போய் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்டினாள்.

"வெளிய வா, வெளிய வான்னா வரமாட்டேங்கா. ஒதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. கிடுகிடுன்னு ஆடுறா. 'இன்னும் ஒரே ஒரு தடவ'ன்னு சத்தம் போட்டுச் சிரிக்கா. எங்கம்மா கம்பெடுத்துட்டு வந்த பொறவுதான் ஏறினா" என்றாள் அவள். சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பகல் முழுக்க இதற்குப் பயந்துதான் என் பக்கம் வரவில்லை என்றாள்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எனக்குத் தண்ணீர் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். கல்யாணமான புதிதில் அய்யனார் அருவிக்குப் போனோம். நான் பாறையில் உட்கார்ந்துகொண்டு, நீ போய்க் குளி என்றேன். "எனக்கும் பயந்தான். இங்கனயே இருப்போம்" என்று என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து எத்தனையோ தடவை போயிருக்கிறோம், எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பாறைதான். மகன் பெரியவனாகித் தண்ணீரில் இறங்குகிற வயது வந்தபோது நான் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்துவேன். அவள் கத்தமாட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேலைக் கொசுவத்தை இடுப்பில் ஏற்றிச் செருகிக்கொண்டு, அவன் தலை மேலேயே கண்ணை வைத்திருப்பாள். காற்றாட உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குக் குதிக்க ஆசையாக இருந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் இருந்திருக்கும். எனக்காக உட்கார்ந்தாளா? நான் வெட்கப்படுவேன் என்று நினைத்தாளா? முதல் நாள் வாய்தவறிச் சொன்ன பொய்யை மாற்றத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டாளா? சொல்லியிருந்தால் நான் என்ன, வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? பஸ் போகப்போக எனக்கு அவள் மேல் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. அவள் போனதிலிருந்து அவள் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. இறந்தவர்கள் மேல் கோபப்படுவது எப்படி என்று தெரியாமல் இருந்தேன். இப்போது பழையபடி, வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுகிற கோபம். அவள் இப்படிச் சொல்வாள், நான் அப்படிக் கேட்பேன் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் விளக்கைக்கூடப் போடவில்லை.

"ஏட்டி, ஒனக்கு நீச்சல் தெரியும்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டு, பதில் வரட்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.